ஓடி முடித்த நாய்கள்

லண்டனின் வடகிழக்கில், வால்தம்ஸ்டோவின் சிங்ஃபர்ட் வீதியோரம் ஒரு வெள்ளை முகப்பு நிற்கிறது. அதன் நெற்றியில் நியோன் எழுத்தில் ஊர்ப் பெயர், கூடவே பாய்ந்தோடும் ஒரு நாயின் உருவம். பின்னால் இருப்பதெல்லாம் அடுக்குமாடி வீடுகள். புதிதாகக் குடிவந்தவர்கள் அதைப் பழைய சினிமாக் கொட்டகை என்று நினைக்கிறார்கள். அது நாய்ப் பந்தயத் திடலின் முகப்பு. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருப்பதால் அதை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். கடைசிப் பந்தயம் 2008 ஆகஸ்ட் 16ஆம் தேதி இரவு ஓடியது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாளிலிருந்து அந்தத் திடலுக்கு நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். பந்தய இரவுகளில் வேலை முடிந்து வரும்போது எங்கள் பேருந்தே அந்தத் தரிப்பில் காலியாகிவிடும். கணவன் மனைவியாக, பிறந்தநாள் கொண்டாடும் கூட்டமாக, சம்பளம் வாங்கிய கையோடு வந்த பெடியன்களாக எல்லோரும் இறங்கிப் போவார்கள். நான் உள்ளே போய்ப் பணம் கட்டியதில்லை. ஆனால் அந்தத் தொழில் வேண்டாமென்று விட்ட நாய்களில் இரண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. 2009இல் வந்தவள் மோலி. திடல் மூடியபோது பயிற்சியாளர்களின் கொட்டில்களில் மிஞ்சிப்போன கறுப்பு நாய்களில் ஒருத்தி. மோலி போன பிறகு, 2022இல் ரொம்ஃபர்ட் திடலில் ஓடி முடித்த சாம் வந்தான். இப்போது இதை எழுதும் மேசைக்கடியில் படுத்திருப்பவன் அவன்தான்.

ஓய்வுபெற்ற பந்தய நாயை வீட்டுக்குக் கொண்டுவருவதை இங்கே பலர் தர்மமாகப் பேசுகிறார்கள். என்னால் அப்படிப் பேச முடியவில்லை. ஒரு தொழில் தன் நாய்களுக்குக் கொடுக்க வேண்டிய கடனைக் கொடுக்காமலே தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. அந்தக் கடனைத்தான் சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வரவேற்பறைகளில் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அது எப்படி ஏறியது என்பதைத் தெரிந்துகொண்டால், வீட்டுக்கு வரும் நாயையும் புரிந்துகொள்ளலாம்.

பந்தயத்தில் ஓடும் கிரேஹவுண்ட் பழைய சாதி. மூக்கால் மோப்பம் பிடித்து வேட்டையாடும் நாய்களைப் போலன்றி, கண்ணால் கண்டு துரத்துவது. இங்கிலாந்தில் பிரபுக்கள் இரண்டு நாய்களை அவிழ்த்துவிட்டு, உயிருள்ள முயலை எது நன்றாக மடக்குகிறது என்று பந்தயம் கட்டினார்கள். லிவர்பூலுக்கு அருகே ஆல்ட்கார் வயல்களில் 1836இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பைதான் அந்த விளையாட்டின் உச்சம். அதை 1868, 1869, 1871 என மூன்று முறை வென்ற மாஸ்டர் மெக்ராத் என்ற அயர்லாந்து நாய் நாடறிந்த பெயராயிற்று. 2005 வரை அந்தக் கோப்பை ஓடியது. வேட்டைத் தடைச் சட்டம் வந்துதான் அதை நிறுத்தியது.

முயலைக் காப்பாற்றும் எண்ணம் அமெரிக்காவில் ஒருவருக்கு வந்தது. தென் டகோட்டாவைச் சேர்ந்த ஓவன் பாட்ரிக் ஸ்மித், தான் முன்னின்று நடத்திய முயல் வேட்டைப் போட்டியில் முயல்கள் கிழிபடுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், தண்டவாளத்தில் ஓடும் பொம்மை முயலை உருவாக்கப் பல வருடம் பாடுபட்டார். 1919இல் கலிஃபோர்னியாவின் எமெரிவில்லில் அவருடைய வட்டத் திடல் திறந்தது. அதற்கு முன்பே, 1876இல், லண்டன் ஹெண்டனில் செயற்கை முயலை நேர்கோட்டில் இழுத்து நாய்களை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நேர்கோட்டில் எந்த நாய் வேகமானதோ அதுவே எப்போதும் வெல்லும். சனத்துக்குச் சலித்துவிட்டது. ஸ்மித்தின் வட்டப் பாதையில் வளைவு இருந்தது. வளைவில் நாய்கள் முட்டும், பிந்தியது முந்தும், யார் வெல்வார் என்று கடைசிவரை சொல்ல முடியாது. பந்தயம் கட்டுபவனுக்கு வேண்டியது அந்த வளைவுதான். நாய்களின் கால் எலும்பு அதிகம் முறிவதும் அதே வளைவில்தான். முயலுக்காக இரங்கிய ஒருவர் செய்த இயந்திரத்துக்குப் பிறகு நாயின் கணக்கை யாரும் பார்க்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சார்ல்ஸ் மன் என்ற அமெரிக்கர் அந்த யோசனையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பிரிகேடியர் ஜெனரல் கிரிட்ச்லி போன்றவர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். மான்செஸ்டரின் பெல் வியூவில் 1926 ஜூலை 24ஆம் தேதி முதல் பந்தயக் கூட்டம். வந்தவர்கள் ஏறக்குறைய 1,700 பேர். 440 யார் தூரத்தை 25 வினாடியில் ஓடி மிஸ்ட்லி என்ற நாய் முதல் ஓட்டத்தை வென்றது. சில வாரத்துக்குள் கூட்டம் பல்லாயிரமாகப் பெருகிவிட்டது. அடுத்த வருடமே லண்டன் வைட் சிட்டி அரங்கில் பந்தயம் தொடங்கியது. 1908 ஒலிம்பிக்குக்காகக் கட்டி, பிறகு கவனிப்பாரற்றுக் கிடந்த அரங்கு அது. ஆங்கில கிரேஹவுண்ட் டெர்பியும் அதே 1927இல் பிறந்தது.

இவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் சட்டத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் குதிரைப் பந்தயத்துக்குத் தெருவில் காசு கொடுத்துப் பணம் கட்டுவது குற்றம். கடன் கணக்கு வைத்திருக்கும் வசதியானவர் தொலைபேசியில் கட்டலாம். தொழிலாளி கட்டினால் பொலிஸ் பிடிக்கும். திடலுக்குள் கட்டினால் குற்றமில்லை. குதிரைத் திடலோ ஊருக்கு வெளியே, அதுவும் வேலை நாளின் பகல் நேரத்தில். நாய்ப் பந்தயம் நகரத்துக்குள்ளே, மின்விளக்கு வெளிச்சத்தில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. ஆறு நாய், அரை நிமிடம், கால் மணி நேரத்துக்கு ஒரு ஓட்டம். பெண்கள் தயக்கமில்லாமல் வந்தார்கள். ஏழைகள் சட்டத்துக்குப் பயப்படாமல் பணம் கட்ட எட்டும் தூரத்தில் இருந்த இடம் அதுதான். மதகுருமாரும் அரசியல்வாதிகளும் ஏழைகளின் சூதாட்டம் என்று கண்டித்தார்கள். நாயைப் பற்றி அவர்களும் பேசவில்லை.

வால்தம்ஸ்டோ திடலைக் கட்டியவர் வில்லியம் சாண்ட்லர் என்ற புக்கி, அதாவது பந்தயப் பணம் ஏற்பவர். 1933இல் அதைத் திறந்துவைத்தவர் ஏமி ஜோன்சன், தனியாக ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஓட்டிய பெண். 1945 தேர்தலில் சேர்ச்சில் அங்கே மேடையேறி, கூட்டம் கூச்சலிட்டதில் பேச முடியாமல் திணறினார். போர் முடிந்த அடுத்த வருடம், 1946இல், நாடு முழுவதும் திடல்களுக்குக் காசு கொடுத்து நுழைந்தவர்களின் எண்ணிக்கை மூன்று கோடிக்கு மேல். எங்கள் தெருவில் வெகுநாள் இருந்த ஒரு மூதாட்டி, தன் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு போன அந்த இரவுகளை நேற்று நடந்ததுபோல் சொல்வார். நாய்கள் புறப்படும் பெட்டிகளின் நிறம் ஒன்றையும் அவர் மறக்கவில்லை: முதலாவது சிவப்பு, இரண்டாவது நீலம், மூன்றாவது வெள்ளை, நாலாவது கறுப்பு, ஐந்தாவது செம்மஞ்சள், ஆறாவது கறுப்பு வெள்ளை வரி. இன்றும் அதே நிறச் சட்டைதான் நாய்களுக்கு.

அந்தக் காலத்து நாய்களில் மிக் த மில்லரின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. அயர்லாந்தின் கிலே என்ற சிற்றூரில் ஃபாதர் மார்ட்டின் பிரோபி என்ற பங்குத்தந்தை வளர்த்த நாய். சிறிய உடம்பு. டிஸ்டெம்பர் நோய் வந்து சாகக் கிடந்ததை டப்ளின் திடலின் மிருக வைத்தியர் பிழைக்க வைத்தார். 1929இல் டெர்பி ஓட லண்டனுக்கு வந்து தகுதிச் சுற்றில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த ஒரு புக்கி, அங்கேயே 800 கினி கொடுத்து வாங்கினார். இறுதி ஓட்டத்தில் நாய்கள் முட்டிக்கொண்டதால் அதைச் செல்லாதென்று அறிவித்து மறுபடி ஓடவிட்டார்கள். மறு ஓட்டத்தில் மிக் வென்றது. அடுத்த வருடமும் வென்றது. சினிமாவில் நடித்தது. ஓய்வுக்குப் பிறகு நல்ல கவனிப்பில் இருந்து 1939இல் இறந்தது. அதன் பதப்படுத்திய உடல் ட்ரிங் நகர அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. போய்ப் பார்த்திருக்கிறேன். கழுத்து வளைவும் நெஞ்சுக்கூட்டின் ஆழமும் அப்படியே எங்கள் மோலி.

மிக்கோடு ஓடிய மற்ற நாய்களுக்கு என்ன ஆனது என்று அந்த அருங்காட்சியகத்தில் எழுதியில்லை. எங்கேயுமே ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. ஓட்டத்துக்கும் நேரத்துக்கும் எடைக்கும் பந்தயக் கட்டணத்துக்கும் புத்தகம் புத்தகமாகப் பதிவு இருக்கிறது. ஓட்டம் நின்ற பிறகு ஒரு வரிகூட இல்லை. வருடம் போகப் போக, அந்தப் பதிவில்லாமைதான் இந்தத் தொழிலைப் பற்றிய முதல் உண்மை என்று எனக்குப் பட்டது.

கணக்குச் சின்னது. கிரேஹவுண்ட் பதினைந்து மாத வயதில் ஓடத் தொடங்கலாம். நாலு வயதுக்குப் பிறகு வேகம் குறையும். கால் அடிபட்டால் அதற்கும் முன்பே நிறுத்திவிடுவார்கள். ஆயுளோ பன்னிரண்டு, பதின்மூன்று வருடம். அதாவது உழைப்பதைப்போல மூன்று மடங்கு காலம் அதற்குச் சோறும் இடமும் வேண்டும். தொழில் தொடங்கிய நாளிலிருந்து இந்த மிச்சக் காலத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. சிலர் தாங்களே வைத்துக்கொண்டார்கள். சிலர் இனப்பெருக்கத்துக்குக் கொடுத்தார்கள். மிச்சத்தில் பெரும்பகுதியைக் கொன்றார்கள்.

1961க்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. அந்த வருடம் மே மாதம் பெட்டிங் கடைகள் சட்டப்படி திறந்தன. தெருமுனைக் கடையில் குதிரைக்குக் கட்டலாமென்றால் திடலுக்கு யார் போவது? கூட்டம் வடிந்தது. குதிரைப் பந்தயத்துக்குக் கடைகளிடமிருந்து ஒரு பங்கு கட்டாயம் வந்து சேரும்படி அரசு சட்டம் செய்தது. நாய்ப் பந்தயத்துக்கு அப்படிச் சட்டம் செய்யவில்லை, இன்றுவரை செய்யவில்லை. 1967இல் கடைக்காரர்கள் புது ஏற்பாடு ஒன்று கொண்டுவந்தார்கள். மழையிலும் பனியிலும் குதிரைப் பந்தயம் நின்றுபோகும் நாட்களில் கடை சும்மா கிடக்காமலிருக்க, பகலில் நாய்களை ஓடவிட்டு அந்த முடிவுகளை வாங்கினார்கள். நாளடைவில் அதுவே தொழிலின் முதுகெலும்பாகிவிட்டது. காலி ஆசனங்களுக்கு முன்னால் நாய்கள் ஓடின. பார்ப்பவர்கள் எங்கோ ஒரு கடையில் திரைக்கு முன்னால்.

இந்த மாற்றத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். 1930களில் தொழிலாளிக்கு நாயைப் பெயர் சொல்லித் தெரியும், வேலி ஓரம் நின்று அதன் கால் நடையைப் பார்த்திருப்பான். கடைத் திரையில் தெரிவது ஒரு எண்ணும் ஒரு நிறமும் மட்டும். ஆனால் நாளெல்லாம் ஓடவிட முன்பைவிட அதிக நாய் வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்தன.

அந்தப் பயணம் மோலியின் உடம்பில் எழுதியிருந்தது. வந்த அன்றிரவு சமையலறை விளக்கடியில் அவளுடைய காதைப் புரட்டிப் பார்த்தேன். வெற்றிலை மாதிரி மெல்லிய காது, உள்ளே சூடு, நரம்போட்டம் தெரியும். அதில் பச்சை மையில் எழுத்துகள் குத்தியிருந்தன. மற்றக் காதிலும் அப்படியே. இரண்டு காதிலும் குத்தியிருந்தால் அயர்லாந்துப் பிறப்பு என்று கொட்டிலில் அவளைப் பார்த்துக்கொண்ட பெண் முன்பே சொல்லியிருந்தார். குட்டியாக இருக்கும்போது பிடித்து வைத்துக் குத்துவார்களாம். விரலால் தடவினேன். தலையைத் திருப்பிக்கொள்ளாமல் நின்றாள். எத்தனையோ கைகள் தொட்டுப் பார்த்த உடம்பு அது, தொடுவதற்கு அவள் பயப்படவில்லை. வீடுதான் அவளுக்குப் பயம்.

படிக்கட்டு என்ற ஒன்றை அவள் கண்டதில்லை. பந்தயக் கொட்டிலில் எல்லாம் ஒரே தளம். எங்கள் வீட்டுப் படி முன்னால் வந்து நின்றவள் நடுங்கினாள். என் மகன் பின்னாலிருந்து அவளுடைய இடுப்பைத் தாங்க, நான் முன்னங்காலை ஒவ்வொன்றாகத் தூக்கி அடுத்த படியில் வைத்தேன். அவளுடைய இதயம் என் தோளில் அடித்தது. ஏறிவிட்டாள். இறங்குவதைப் பழக்க இன்னும் பல நாள் எடுத்தது. கண்ணாடிக் கதவும் அப்படித்தான். கண்ணாடி என்று தெரியாமல் அதனூடே நடக்கப் பார்த்தாள். ஒட்டுக் காகிதத் துண்டுகளை அவளுடைய கண் மட்டத்தில் வரிசையாக ஒட்டி வைத்தோம். சலவை இயந்திரம் சுழலத் தொடங்கினால் அறையை விட்டே போய்விடுவாள்.

தனியாக இருந்தும் பழக்கமில்லை. கொட்டிலில் இரண்டிரண்டாக அடைப்பார்கள், பிறந்ததிலிருந்து பக்கத்தில் இன்னொரு நாயின் மூச்சு. எங்கள் வீட்டில் முதல் இரவுகளில் அவள் ஊளையிட்டது அதனால்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கை போட்டதும் அடங்கினாள். வாய்க்கூட்டை மாட்டினால் மட்டும் துள்ளுவாள். வாய்க்கூடு என்றால் வெளியே போகிறோம், ஓடப்போகிறோம் என்று அவளுக்கு அர்த்தம். தெருவில் எதிரே வருபவர்கள் கடிநாய் என்று ஒதுங்குவார்கள். இந்த நாய்கள் வெகுகாலம் வீடு கிடைக்காமல் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பொதுமக்கள் அவற்றைக் கண்டதெல்லாம் வாய்க்கூட்டோடும் வெறியோட்டத்திலும்தான். மணிக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடும் மிருகத்தை நாள் முழுக்க ஓடவிட வேண்டும் என்று பயந்தார்கள். உண்மையில் அதற்கு வேண்டியது இரண்டு நடை, மிச்ச நேரமெல்லாம் தூக்கம்.

என் அம்மா அப்போது எங்களோடு இருந்தார். எங்கள் ஊரில் நாய் வளவுக்குள் நிற்கும், வீட்டுக்குள் வராது.

"என்ன பிள்ளை, நாயை உள்ளுக்கயே விடப்போறியள்? வீடு நாறாதே?" என்று கேட்டார்.

"இதுகள் அவ்வளவு மணக்காது அம்மா. மயிரும் கட்டை. வெளியில விட்டாக் குளிர் தாங்காது."

அது உண்மை. தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத உடம்பு, மயிரும் ஒரே படை. மழைக்காலத்தில் மேலங்கி போடாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது. கார்த்திகை மாதக் குளிரில் மோலி நடுங்கியதை அம்மா ஒருநாள் பார்த்துவிட்டு, தன்னுடைய பழைய கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து போர்த்தினார். பிறகு சோபாவில் அவள் படுப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யாராவது எழுப்பப் போனால், "ஓடின கால் பிள்ளை, ஆறட்டும்" என்பார்.

தத்தெடுக்கும் வழக்கம் எப்போது தொடங்கியது என்று கேட்டால், இங்கே 1975ஐச் சொல்வார்கள். பந்தயத்தை நிர்வகித்த சங்கமே அந்த வருடம் ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் அறக்கட்டளையை நிறுவியது. பெல் வியூவில் முதல் ஓட்டம் ஓடி 49 வருடத்துக்குப் பிறகு. திடலுக்குத் திடல் கிளை, கிளைக்குக் கிளை தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். சனிக்கிழமைகளில் கடைத்தெருவில் நாயோடு நின்று சனத்தை வந்து தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஆட்களின் காலில் சாய்ந்து நிற்பது இந்த நாயின் பழக்கம். அந்தச் சாய்வு பல வீடுகளைத் திறந்தது. அமெரிக்காவில் 1980களில் இதேபோல் குழுக்கள் எழுந்தன. வைத்தியர்களும் இவற்றிடமிருந்துதான் படித்தார்கள். சில பழைய மயக்க மருந்துகள் கிரேஹவுண்ட் உடம்பை விட்டு இறங்க மிக அதிக நேரம் எடுக்கும், மற்ற நாய்களுக்குக் கொடுப்பதுபோல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. சிவப்பணு அதிகம், தைராய்டு அளவு இயல்பிலேயே குறைவு. அதை நோயென்று நினைத்து மருந்து கொடுத்த காலம் உண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கியேர்மோ கூட்டோ என்ற பேராசிரியர் இதற்கென்றே ஒரு பிரிவு நடத்தினார். நாய்கள் வீட்டுக்கு வந்து வயதானதால்தான் இதெல்லாம் கவனத்துக்கு வந்தது.

ஆனால் தன்னார்வலர்கள் எத்தனை வீடு தேடினாலும் வெளியே வரும் நாய்களின் எண்ணிக்கையை எட்டவில்லை. வீடு கிடைக்காதவை என்னவாயின என்பது 2006 ஜூலையில் நாட்டுக்குத் தெரிந்தது. டர்ஹம் மாவட்டத்தில் சீஹம் என்ற கடற்கரை ஊர். அங்கே ஒரு வியாபாரி, பயிற்சியாளர்கள் கொண்டுவரும் நாய்களை நாயொன்றுக்குப் பத்துப் பவுண் வாங்கிக்கொண்டு ஆணித் துப்பாக்கியால் கொன்று தன் நிலத்தில் புதைத்து வந்ததை சண்டே டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. பதினைந்து வருடத்தில் பத்தாயிரம் நாய் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அவருக்குக் கிடைத்த தண்டனை 2,000 பவுண் அபராதம். கொன்றதற்காக அல்ல, அனுமதியில்லாமல் கழிவைப் புதைத்ததற்காக. அந்த நாய்கள் சட்டத்தின் கண்ணில் கழிவு. எங்கள் தெரு மூதாட்டி அந்தப் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டு, அப்பாவோடு போன இரவுகளை இனிமேல் முன்போல் நினைக்க முடியாது என்று அழுதார்.

அதன்பிறகுதான் நாடாளுமன்றம் அசைந்தது. 2007இல் நாடாளுமன்ற விலங்கு நலக் குழு ஒன்று, வருடத்துக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களுக்குக் கணக்கே இல்லை என்று அறிக்கை வைத்தது. டோனஹ்யூ பிரபு தனியாக விசாரித்து எழுதினார். 2010 விதிகள் ஒவ்வொரு திடலிலும் மிருக வைத்தியர் இருக்க வேண்டும், ஒவ்வொரு நாய்க்கும் மைக்ரோசிப் வேண்டும் என்றன. நாய் ஓடப் பதிவு செய்யும்போதே அதன் ஓய்வுக்காக ஒரு தொகையைக் கட்டி வைக்கும் திட்டம் 2020இல் வந்தது. தொடங்கியபோது நாயொன்றுக்கு 400 பவுண், உரிமையாளர் பாதி, பந்தயத்தை நிர்வகிக்கும் சபை பாதி. தத்துக் கொடுக்கும் இடத்துக்கு அது போய்ச் சேரும். சாம் அந்தத் திட்டத்தின் கீழ் வந்தவன். மோலிக்கு அப்படி ஒன்றும் இல்லை. சாமின் பல் சுத்தம் செய்த ஒரு வைத்தியச் செலவுக்கே அந்தத் தொகை போதவில்லை. இருந்தாலும் அது வந்ததை நான் மதிக்கிறேன். மிச்சக் காலத்துக்குத் தொழிலும் பொறுப்பு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள 94 வருடம் ஆகியிருக்கிறது.

இதற்கிடையில் திடல்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. வைட் சிட்டி 1984இல், கேட்ஃபர்ட் 2003இல், வால்தம்ஸ்டோ 2008இல், விம்பிள்டன் 2017இல், தொழில் பிறந்த பெல் வியூவே 2020இல், கிரேஃபர்ட் 2025 தொடக்கத்தில். பெரும்பாலும் மண்ணின் விலை ஏறியதுதான் காரணம், நாயின் மேல் கொண்ட இரக்கம் அல்ல. மூடும் ஒவ்வொரு முறையும் நாய்கள் மிஞ்சும். மக்காவ் நகரத் திடல் 2018இல் மூடியபோது உரிமையாளர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்களைக் கொட்டிலிலேயே விட்டுவிட்டார்கள். பல நாடுகளில் குடும்பங்கள் முன்வந்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு போயின. ஃபுளோரிடா மக்கள் அதே வருடம் வாக்களித்து 2020 இறுதியோடு பந்தயத்தை நிறுத்தினார்கள். அங்கே தவணை இரண்டு வருடம் இருந்ததால் நாய்களுக்கு வீடு தேட முடிந்தது. நியூசிலாந்து 2024 டிசம்பரிலும் வேல்ஸ் அரசு 2025 பெப்ரவரியிலும் தடை செய்யப்போவதாக அறிவித்தன. பிரித்தானிய அரசோ இங்கிலாந்தில் அப்படி எண்ணமில்லை என்று அப்போது சொல்லிவிட்டது.

என் அபிப்பிராயத்தை ஒளிக்கவில்லை. இந்தப் பந்தயம் நிற்க வேண்டும், தவணை கொடுத்து நிற்க வேண்டும். அதை நேசித்த சனத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை, அந்த இரவுகள் அவர்களுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தன. தங்கள் நாயின் ஓய்வுக்குத் தாங்களே வீடு தேடிக் கொடுத்த பயிற்சியாளர்களையும் எனக்குத் தெரியும். மோலியைக் கொண்டுவந்தவர் அப்படிப்பட்டவர். வருடாவருடம் கிறிஸ்மஸ் அட்டை அனுப்பி அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். 2017இல் அவள் இறந்ததைத் தொலைபேசியில் சொன்னபோது வெகுநேரம் பேசாமலிருந்தார்.

இங்கிலாந்திலோ அயர்லாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. நாய் வளர்க்க எண்ணமிருந்தால் குட்டி தேடும் முன் அருகிலுள்ள கிரேஹவுண்ட் தத்துக் கொட்டிலுக்கு ஒருமுறை போய்வாருங்கள். வீட்டில் பூனை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பூனையோடு பழகக்கூடியதா என்று அவர்கள் சோதித்துப் பார்த்துத் தருவார்கள். தலை கழுத்தைவிட ஒடுங்கியது என்பதால் சாதாரணப் பட்டி கழன்றுவிடும், அகலப் பட்டி வாங்குங்கள். தூங்கும்போது தொட்டு எழுப்ப வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள். சத்திரசிகிச்சை என்றால் இது கிரேஹவுண்ட் என்று வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கொட்டிலில் முதலில் ஓடிவந்து வாலாட்டும் இளையதுக்கு எப்படியும் வீடு கிடைத்துவிடும். பின்னால் நிற்கும் கறுப்பு நாயை, வயது கூடியதை, கால் அடிபட்டு ஆறியதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.